தாலி விழுந்த படம்

மாமாவின் சைக்கிள் எங்கள் தெருவுக்குள் திரும்பியதுமே பிள்ளைகள் கத்தத் தொடங்கிவிடுவார்கள். "சுவாசம் வலிச்சோ... பிடிச்சோ... விட்டோ..." மட்டாஞ்சேரி கடைத்தெருவில் இருந்த எக்ஸ்ரே கிளினிக்கில் படம் எடுப்பது மாமாவின் வேலை. மூச்சை இழு, பிடி, விடு என்று நாளெல்லாம் மலையாளத்தில் சொல்லிச் சொல்லி அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். கத்துகிற பையன் ஒருவனைப் பிடித்துச் சுவரோடு நிறுத்துவார். மோவாயை நிமிர்த்தி, முழங்கைகளை முன்னால் தள்ளி, ஆடாதே என்று அதட்டிவிட்டு இல்லாத பொத்தான் ஒன்றை அமுக்குவார். "எடுத்தாச்சு. உன் நெஞ்சுக்குள்ள ரெண்டு பொய்யும் ஒரு திருட்டுமாங்காயும் இருக்கு" என்பார். மாங்காய் விஷயத்தில் அவர் கணக்கு அநேகமாகச் சரியாகவே இருக்கும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அம்மா தென்காசிப் பக்கத்தில் இருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். அப்பாவின் குடும்பம் இரண்டு தலைமுறையாக மட்டாஞ்சேரியில்தான். எழுபதுகளின் கடைசியில், நான் நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்த சமயம், அப்பா ஹார்பரில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தார். ஊரில் சும்மா திரிந்த மைத்துனனை வரவழைத்து, தெரிந்தவரிடம் சொல்லி அந்தக் கிளினிக்கில் சேர்த்துவிட்டவரும் அப்பாதான். அதனால் மாமாவுக்கு அப்பாவிடம் மரியாதை அதிகம். அத்தான் நிற்கும் இடத்தில் அவர் உட்கார மாட்டார்.

கிளினிக்கில் இரண்டு டாக்டர்கள். ஒருவர் நோயாளியைப் பார்ப்பார், இன்னொருவர் படத்தைப் பார்ப்பார். படம் பார்க்கும் டாக்டர் எர்ணாகுளத்தில் இருந்து காயலைக் கடந்து சாயங்கால போட்டில் வருவார். வெள்ளை மருந்தைக் குடிக்கக் கொடுத்து, அது வயிற்றுக்குள் இறங்குவதை இருட்டறையில் திரை வழியாகப் பார்ப்பது அவர் வேலைகளில் ஒன்று. வெளிச்சத்தில் இருந்து நேரே இருட்டுக்குள் போனால் கண் பழக நேரமாகும் என்று, போட்டில் ஏறும்போதே சிவப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொள்வார். படகுத்துறையில் அவர் இறங்கி வருவதைப் பார்த்து நாங்கள் அவரைக் கண்வலிக்காரர் என்றே நினைத்திருந்தோம். டாக்டருக்கே தீராத கண்வலியா என்று அம்மாகூட ஒரு தடவை வருத்தப்பட்டாள். இந்த ஊரில் பாதிப் பேருடைய விலா எலும்பு அவருக்குத் தெரியும், ஒருத்தர் முகமும் தெரியாது என்று மாமா சொல்வார்.

அப்பாவுக்குச் சாமி கிடையாது. யூனியன் உண்டு, கொடி உண்டு, சாயாக்கடையில் மணிக்கணக்காகப் பேச்சு உண்டு. பூனை குறுக்கே போனதென்று அம்மா நின்றால், "பூனைக்கு அந்தப் பக்கம் வேலை இருக்காதா?" என்பார். எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். யார் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேள். பல்லி விழுந்தால் என்ன, ஏன்? செவ்வாய்க்கிழமை நகம் வெட்டக்கூடாது, ஏன்? நானும் அப்பா பெண்ணாகப் பள்ளிக்கூடத்தில் கேட்டு, டீச்சரிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

ஒருநாள் ஹார்பரில் மூட்டைகளைத் தூக்கி இறக்கும் வலை அறுந்து விழுந்தது. அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றவர் அங்கேயே போய்விட்டார். அப்பாவின் தோளில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அன்று காலையில்தான் அம்மா மஞ்சள் பூசிக் குளித்து, தாலிக்குப் புதுக் கயிறு மாற்றியிருந்தாள். தெருப் பெண்கள் எல்லோரும் வந்து, "உன் தாலி பலம்தான் அவரக் காப்பாத்திச்சு" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அப்பா உள்ளே இருந்து சத்தமாகச் சிரித்தார். செத்தவனுக்கும் பெண்டாட்டி இருந்தாள், அவள் கழுத்திலும் ஒன்று இருந்தது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அம்மாவுக்கு இருமல் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் இருமல் ஒரு வியாதியே இல்லை. இரண்டு பக்கமும் குடோன்கள், சுக்கும் மிளகும் வாரிக் கொட்டுகிற தூசி. தும்மாமல் தெருவைக் கடந்தவன் ஊருக்குப் புதியவன் என்று பேர். அம்மாவும் சுக்குத் தூசி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். மாமாதான் ஒருநாள் அவள் இருமுவதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சோற்றில் கை வைத்தபடி, "அக்கா, நாளைக்கு வந்து ஒரு படம் எடுத்துக்கோ" என்றார். அவர் குரலில் விளையாட்டு இல்லை.

நானும் அம்மாவோடு போனேன். ஈரப் படங்கள் கம்பிச் சட்டங்களில் தொங்கி, கீழே வைத்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தன. புளித்த வாடை ஒன்று மூக்கைப் பிடித்தது. மற்றப் பெண்கள் வந்தால், அங்கே வேலைக்கு இருந்த சேச்சி அவர்களைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய், கழுத்தில் கிடப்பதை எல்லாம் கழற்றி வாங்கி ஒரு அலுமினியக் கிண்ணத்தில் வைப்பாள். அன்று சேச்சி லீவு. தம்பி அக்காவிடம் எப்படிச் சொல்வான்? மாமா தலையைச் சொறிந்தார். மெஷினைத் துடைத்தார். "அக்கா, கழுத்துல உள்ளத..." என்று இழுத்தார்.

"ஏலே, அத மட்டும் சொல்லாதே" என்றாள் அம்மா.

அப்படியானால் பின்கழுத்தில் தூக்கிச் சுருட்டிக்கொள் என்று சொல்லிவிட்டு மாமா தடுப்புக்குப் பின்னால் போய்விட்டார். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்று பின்னால் அவரே சொல்லி அழுதிருக்கிறார். அம்மா பலகையைக் கட்டிப்பிடித்துத் தோளை முன்னால் வளைத்தபோது தாலி சரிந்து மறுபடி முன்னால் வந்து விழுந்தது. மாமாவுக்கு அது தெரியவில்லை. மூச்சை இழு, பிடி, விடு என்று தமிழில் சொன்னார். அவர் அதைத் தமிழில் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். நான் அம்மாவைத் தேடினேன். கறுப்பும் சாம்பலுமாகப் புகை மாதிரி என்னவோ இருந்தது, ஏணிப்படிகளாக விலா எலும்புகள் இருந்தன. ஒரு பக்கமாக, காறை எலும்புக்குக் கீழே, பளிச்சென்று வெள்ளையாக அம்மாவின் தாலி கிடந்தது. பக்கத்தில் லட்சுமிகாசு, அதன் விளிம்பு, குண்டுமணிகள் எல்லாம் அச்சாகத் தெரிந்தன. அந்தப் படத்தில் அம்மா என்று அடையாளம் தெரிந்தது அது ஒன்றுதான். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. உள்ளே வரைக்கும் அம்மாவுக்குத் தாலி இருக்கிறது என்று எதிர்வீட்டுச் சிநேகிதியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

படம் பார்க்கும் டாக்டர் அந்தக் காசின் மேல் விரலை வைத்து வெகுநேரம் நின்றாராம். காசின் ஓரத்தில் பஞ்சு ஒட்டியது போல ஒரு நிழல் எட்டிப் பார்க்கிறது. பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும், தாலியைக் கழற்றிவிட்டு உடனே இன்னொரு படம் எடு என்று சொல்லியிருக்கிறார். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், இருந்தால் இப்போதே தெரிவது நல்லது என்றும் சொன்னாராம்.

அம்மாவை விவரம் தெரியாதவள் என்று சொல்லிவிட்டால் இந்தக் கதையைச் சுலபமாக முடித்துவிடலாம். அம்மா அப்படியில்லை. மாமா வழியோடுதான் வந்திருந்தார். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கை முடிந்து முதலில் கழுத்தில் கட்டிக்கொள்வது, பிறகு பொன்னைக் கழற்றுவது. கயிறு மாற்றும் நாளில் எல்லாப் பெண்களும் செய்வதுதானே. கிழங்கு படத்தில் விழாது, கழுத்தும் வெறுமையாக இருக்காது. மாமாவுக்கு இந்த யோசனையில் அவ்வளவு சந்தோஷம்.  கயிறு மாற்றுவது வீட்டு விளக்கின் முன்னால், நல்ல நேரம் பார்த்து. ஆஸ்பத்திரியில், இருட்டறையில், கண்ட நேரத்தில் இறக்கலாமா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. கடைசியில் சொன்னாள்.

"அவுக ஒரு வார்த்தை சொல்லட்டும். சொன்னா நாளைக்கே கழட்டுறேன்."

மாமா முகம் மலர்ந்துவிட்டது. அத்தான் சொல்ல மாட்டாரா? பூனைக்கும் பல்லிக்கும் வக்காலத்து வாங்குகிற மனிதர் ஆயிற்றே. எனக்கும் சந்தேகமே இல்லை. அப்பா வேலை முடிந்து வந்து முகம் கழுவும்போது மாமா எல்லாவற்றையும் சொன்னார். படத்தைக் காட்டினார். அப்பா அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். வாங்கிய கையோடு திருப்பிக் கொடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதிலொண்ணும் எனக்கு நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும் மாப்ள" என்றார்.

"அதான் அத்தான், நீங்க ஒரு வார்த்தை..."

"அவ கழுத்து, அவ இஷ்டம். பெண்டாட்டிய அதக் கட்டு, இத அவுருன்னு உத்தரவு போடுற ஆள் நானில்ல."

 கேட்பதற்கு எவ்வளவு நல்ல பேச்சு. பெண்ணுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள்கூட வீட்டில் இப்படிச் சொல்வதில்லை. எனக்கும் அப்பாவை நினைத்துப் பூரித்துப் போயிற்று. அடுக்களையில் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் மட்டும் வந்தது. அவுக சொல்லவில்லை, அவ்வளவுதான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு மழைக்காலம் முழுக்க மாமா வந்து வந்து போனார். அம்மாவிடம் கேட்டால், "அவுகளே சொல்லலையே" என்பாள். அப்பாவிடம் கேட்டால், "நான் தடுத்தேனா?" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் மாமா படகு மாதிரி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் டாக்டரே, முகம் பார்க்காத அந்த மனிதர், அந்தத் தாலிப் படத்துக்காரி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டாராம். மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார். தெருப் பிள்ளைகள் கத்தினால் இப்போதெல்லாம் அவர் சைக்கிளை நிறுத்தாமல் போனார்.

ஓணம் கழிந்த ஒரு காலையில் அம்மா இருமிய இருமலில் முந்தானை சிவந்துவிட்டது. அன்றே போட்டில் ஏற்றி எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு நர்ஸ் வந்து, "மாலையொக்கெ ஊரணும் கேட்டோ" என்றாள். கழுத்தில் கிடப்பதை எல்லாம் கழற்ற வேண்டுமாம். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரில் ஒட்டியிருந்த ஏதோ நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் தள்ளுவண்டியில் கிடந்த அம்மாவின் தலை வழியாகத் தாலிக்கயிற்றைத் தூக்கி எடுத்து, பக்கத்தில் நின்ற என் கையில் வைத்துவிட்டு, வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். கயிறு அம்மாவின் சூட்டோடு, மஞ்சளும் வியர்வையுமாக என் உள்ளங்கையில் சுருண்டு கிடந்தது. நான் விரல்களை மூடிக்கொண்டேன்.

இந்தத் தடவை காசு மறைக்கவில்லை. மறைக்கக்கூடிய அளவிலும் அந்த நிழல் இல்லை. அந்த வியாதியின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஐப்பசியில் துலாமழை தொடங்கிக் கொஞ்ச நாளில் அம்மா போய்விட்டாள். முதலிலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று பெரியவளானபின் மாமாவிடம் கேட்டேன். தெரியாது என்றார். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் அப்போது அந்த வேலையை விட்டுவிட்டு சுள்ளிக்கல்லில் ஒரு பலசரக்குக் கடையில் இருந்தார். எங்கள் வீட்டுக்கு வருவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

அம்மாவைக் கிடத்தியிருந்தபோது முகமெல்லாம் மஞ்சள் பூசி, நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, தலை கொள்ளாமல் பூ வைத்திருந்தார்கள். தாலி கழுத்தில் இருந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவள் நெற்றியைத் தொட்டுத் தங்கள் வகிட்டில் வைத்துக்கொண்டார்கள். "மவராசி, பூவும் பொட்டுமாப் போயிட்டா. யாருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை?" என்றார்கள். அம்மா ஏதோ பெரிய பரிசு வாங்கிவிட்டதாகத்தான் எனக்குப் பட்டது. ஓடிப்போய், வெளியே ஆண்களோடு நின்ற அப்பாவிடம், "அம்மா மவராசியாம்ப்பா" என்று சொன்னேன். அப்பா என் தலையில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கமாக நடந்து போய்விட்டார். தூக்கும் நேரம் வந்ததும் ஆள் அனுப்பித்தான் கூட்டிவர வேண்டியிருந்தது.

அப்பா அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தார். தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. அம்மாவின் தாலி அதன் வேலையை ஒழுங்காகவே செய்தது. யூனியனுக்குப் போவார், கூட்டங்களில் பேசுவார். ஆனால் என்னிடம் ஏன் என்று கேள் என்று மட்டும் அவர் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணமாகி முதன்முதலாக ஒரு படம் எடுக்க நேர்ந்தபோது நான் என் தாலியைக் கழற்றி என் கணவர் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு சாயா குடிக்க ரோட்டைக் கடந்து போனார். ஒரு லாரி வந்தது, அவர் ஒதுங்கி, பத்திரமாக அந்தப் பக்கம் ஏறினார். அதுவரை நான் உள்ளே போகவில்லை. அதனால் அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில், அம்மாவை உள்ளே கொண்டுபோன பிறகு நடந்த ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அப்பா ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், நான் மறு ஓரத்தில். என் கை மூடியிருந்தது. அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொன் தொலைந்துவிடுமோ என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன். "கெட்டியாப் புடிச்சுக்கோ" என்றார். அவர் சட்டை எல்லாம் வியர்வையில் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. தலைக்கு மேல் பழைய காலத்து மின்விசிறி ஒன்று கடகடவென்று ஆடிக்கொண்டே சுற்றியது. அது சரியாக அப்பாவுக்கு மேலே இருந்தது.

அம்மாவின் கழுத்தில் தாலி இல்லை. என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.  "அப்பா, இங்க வந்து உக்காருங்க" என்றேன்.

அப்பா எழுந்தார். மேலே அந்த விசிறியை ஒரு தடவை பார்த்தார். வேகமாக வந்து என்னை ஒட்டி உட்கார்ந்து, மூடியிருந்த என் கையின் மேல் தன் கையை வைத்து அமுக்கிக்கொண்டார்.  உள்ளே யாரோ ஒருவர் அம்மாவிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அது எனக்கு அப்போது தோன்றவும் இல்லை. அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.